மாம்பலத்தில் அலறிய இன்ட்ராநெட்

உங்கள் குழுவிலிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தார். ஊழியர்கள் கைபேசியிலேயே கம்பெனி இன்ட்ராநெட்டைப் பார்க்க ஏற்பாடு செய்யப்போகிறீர்களாம். இதற்கு முன்னால் யாராவது முயற்சி செய்திருக்கிறார்களா என்று கேட்டார். செய்திருக்கிறோம் என்றேன். அப்போது யாரிடமும் செல்ஃபோனே இருந்திருக்காதே என்றார். அது எங்களுக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை என்றேன். சிரித்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றவனிடம் எழுதிக் கொடுங்கள் என்று சொல்வது மிருதங்கக்காரரிடம் தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்வது மாதிரி. இனி நீங்கள் கேன்டீனுக்கு எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. ஆபீஸ் ஆழ்வார்பேட்டையில். ஆஸ்பத்திரி லேபுகளுக்கு ரத்தப் பரிசோதனை இயந்திரங்களை விற்பதும், அவை மக்கர் செய்தால் போய்ப் பழுது பார்ப்பதும் அப்போதும் நம் தொழில். நான் நடைமுறைகள் பிரிவின் தலைவன். ஒரு பேனா வாங்க எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்மானிக்கிற பிரிவு. கம்பெனியில் எனக்கு நண்பர்கள் அதிகம் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்ட்ராநெட் எங்களிடம் இருந்தது. ஏசி ரூமில் ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸே வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது குளுகுளுவென்று வேலை பார்த்த ஒரே ஊழியர் அதுதான். அதற்குள் விடுமுறை நாட்கள், எம்.டி.யின் புத்தாண்டுச் செய்தி, கேன்டீன் மெனு ஆகியவை இருந்தன. கேன்டீனில் என்றைக்கும் எதுவும் மாறாததால் மெனுதான் அதில் மிகவும் நம்பகமான பக்கம். இவற்றோடு உருப்படியான ஒன்றும் இருந்தது. பழுதுப் பக்கங்கள். எந்த இயந்திரம் எந்த எண்ணைக் காட்டிவிட்டு நின்றால், எதைக் கழற்றி எதை எவ்வளவு திருக வேண்டும் என்று சர்வீஸ் எஞ்சினியர்கள் அனுபவத்தில் கண்டதையெல்லாம் எழுதி ஏற்றியிருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பக்கங்கள் உள்ளே இருந்தன. அவற்றைப் படிக்க வேண்டியவர்கள் நாள் முழுக்க வெளியே இருந்தார்கள்.

இப்படி இருக்கையில் எம்.டி. வெளிநாடு போய்வந்தார். மற்ற கம்பெனிகளில் எம்.டி. வெளிநாடு போய்வந்தால் சாக்லேட் வரும். எங்களுக்குக் கமிட்டி வரும். அங்கே ஒரு விற்பனைப் பிரதிநிதி ஓட்டல் அறையில் உட்கார்ந்தபடி தன் கம்பெனியின் உள் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை இவர் பார்த்துவிட்டார். மூன்று மாதத்துக்குள் நம் எஞ்சினியர்களும் எங்கிருந்தாலும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

கமிட்டியில் வாய் திறக்க அதிகாரம் பெற்றவர்கள் மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் செக்யூரிட்டி அதிகாரி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், எல்லோருக்கும் கர்னல். மூன்றாமவர் ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் பர்சனல் பிரிவின் தனசேகரன். ஆதம்பாக்கத்திலிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி வருவார். ஆனாலும் அவர் சட்டையில் ஒரு கசங்கலைப் பார்க்க முடியாது. அதிகாரம் இருந்தும் வாய் திறக்காதவர் அவர் ஒருவர்தான். அதை நாங்கள் பண்பு என்று எடுத்துக்கொண்டோம்.

எஞ்சினியர்களுக்குச் செல்ஃபோன் கொடுக்கலாம் என்ற யோசனை, எம்.டி.யிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருள் எஞ்சினியரிடமும் இருப்பதா என்ற கவலையில் செத்துப்போனது. பேஜரில் அனுப்பலாம் என்றார் கர்னல். பேஜரில் இரண்டு வரிதான் தெரியும். ஒரு பழுதுப் பக்கத்தைத் தொடர்கதையாக அனுப்பி, கடைசி அத்தியாயம் வருவதற்குள் நோயாளி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார் என்று நான் சொன்னதும் அது விழுந்தது. கடைசியில் லேப்டாப், கூடவே ஒரு மோடம், அதைச் செருக ஏதாவது ஒரு டெலிஃபோன் லைன் என்று முடிவானது. வாங்கிய லேப்டாப்களில் பாதி, வெளியே போகவே அவசியமில்லாத மேனேஜர்களின் பீரோவுக்குள் குடியேறின. மிச்சம் சர்வீஸ் பிரிவுக்கு வந்தது. நீங்கள் இப்போது இதற்குச் சிரிப்பீர்கள். உங்கள் திட்டத்தில் முதல் கைபேசி யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

கர்னலுக்கு ஒரே பயம். போட்டிக் கம்பெனிக்காரன் யாராவது பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டால்? அதற்கு அவர் ஒரு பூட்டு கண்டுபிடித்தார். எஞ்சினியர் நம் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுத் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் உடனே லைனைத் துண்டித்துவிடும். பிறகு, அந்த எஞ்சினியரின் பெயரில் பதிவாகியிருக்கும் டெலிஃபோன் நம்பரைத் தானே திருப்பிக் கூப்பிடும். திருடன் பாஸ்வேர்டைத் திருடலாம், வீட்டு டெலிஃபோனைத் திருட முடியாதல்லவா? எஞ்சினியர் காலையில் வீட்டிலேயே அன்றைய பக்கங்களைப் பார்த்துக்கொண்டு கிளம்பட்டும் என்றார் கர்னல். கூடவே, மறுமுனையில் லேப்டாப் பதில் சொல்லும்வரை நம் கம்ப்யூட்டர் விடாமல் முயற்சி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ராணுவத்தில் முதல் முயற்சியிலேயே திரும்பி வருவது வழக்கமில்லையாம்.

நான் அதை நடைமுறையாக எழுதினேன். அழகாக வந்திருந்தது என்று என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பதிவான நம்பரை மாற்ற வேண்டுமானால் மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி. சோதனை வாரத்தில் யாருக்கும் லீவு கிடையாது என்று எம்.டி. சேர்க்கச் சொன்ன இன்னொரு விதி. நம்பர்களைத் தனசேகரன் கொடுத்தார். எஞ்சினியர்களுக்குப் பயிற்சியும் நடந்தது. "நீங்க கூப்பிடுங்க, அது உங்களைத் திருப்பிக் கூப்பிடும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இதில் 'உங்களை' என்றால் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வீஸ் எஞ்சினியர். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தான். மனைவி பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. இது இரண்டாவது. டாக்டர் சொன்ன தேதி சரியாக எங்கள் சோதனை வாரத்தில் வந்து விழுந்தது. லீவு கேட்டான். விதியைக் காட்டினோம். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் கிளம்பலாம், அதுவரை வேலையில் இருக்க வேண்டும் என்று எம்.டி. பெரிய மனதோடு சொன்னார். மாடிப்படியில் என்னைப் பார்த்தபோது முரளி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வெளியே எங்க இருந்தாலும் எனக்குச் செய்தி வந்துடும் இல்ல சார்?"

எங்கிருந்தாலும் தகவல் கிடைக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம் என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கே நல்ல பதிலாகத் தெரிந்தது.

சோதனையின் முதல் நாள். மீட்டிங் ரூமில் எம்.டி. நடுவில். சுவரில் பெரிதாகக் கம்ப்யூட்டரின் திரையைப் போட்டுக் காட்டினார்கள். யார் கூப்பிடுகிறார்கள், கம்ப்யூட்டர் யாரைத் திருப்பிக் கூப்பிடுகிறது என்பதெல்லாம் அதில் வரிவரியாக ஓடும். காபி வந்தது. சீக்கிரமே திரையில் முரளியின் பெயர் வந்தது. பாஸ்வேர்ட் சரி. திருப்பி அழைக்கிறது. நாங்கள் கை தட்டினோம்.

மறுபடி முரளியின் பெயர். திருப்பி அழைக்கிறது. மறுபடி கை தட்டல். அதற்கப்புறம் அவன் பெயர் வந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டரும் சளைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிற எஞ்சினியருக்கு ஏதாவது பாராட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் எம்.டி. கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தனசேகரன் மட்டும் கை தட்டுவதை நிறுத்திவிட்டு, திரையில் ஓடும் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் கை தட்டுவதை நிறுத்தினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அவரைக் கேளுங்கள். இந்த ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

அப்போது கதவு திறந்தது. ஒன்பது கஜப் புடவையில் ஒரு மாமி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆட்டோ டிரைவர், அவருக்கும் பின்னால், தடுக்க முயன்று தோற்ற எங்கள் வாட்ச்மேன். மாமி உள்ளே வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இங்க முரளிங்கற பையன் வேலை பண்றானோல்லியோ? அவன் எங்க?"

வெளியே போயிருக்கிறான் என்றோம். மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முரளி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். முன் போர்ஷனில் இருப்பவர். கும்பகோணத்திலிருந்து செய்தி வருவதாக இருந்தது அவர் வீட்டு டெலிஃபோனுக்குத்தான்.

"கார்த்தாலேர்ந்து ஃபோன் அடிச்சுண்டே இருக்கு. எடுத்தா யாரும் பேசலை. கீச்சுனு ஒரு சத்தம், அப்பறம் மூச்சு முட்டற மாதிரி ஒரு இரைச்சல். வெச்சா மறுபடி அடிக்கறது. அந்தப் பொண்ணுக்குத்தான் ஏதோ ஆயிடுத்துன்னு எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இங்க பேசலாம்னு எடுத்தா அதுக்கும் விட மாட்டேங்கறது. தங்கையை ஃபோன்கிட்ட உக்கார வெச்சுட்டு ஓடி வரேன்."

ஆட்டோ டிரைவருக்கும் பொறுக்கவில்லை. "இன்னா சார் ஆபீசு இது? அந்தம்மா வூட்டு போன்ல கொயந்த கத்திக்கினே கீதாம். நீங்க இன்னாடான்னா காபி குட்ச்சிக்கினு கை தட்டிக்கினு கீறீங்க."

அன்றைய நிலவரத்தை அவரைவிடச் சுருக்கமாக நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

கர்னல் திரையைப் பார்த்தார். அது நம் எஞ்சினியரின் பதிவான வீட்டு நம்பர், வேறொருவர் வீட்டில் எப்படி அடிக்கும் என்றார். அப்போதுதான் தனசேகரன் எழுந்தார். நான் அறிந்தவரை அவர் கமிட்டியில் பேசிய முதல் வாக்கியம் அது.

"அது பி.பி. நம்பர் சார்."

உங்களில் பலருக்கு இந்த எழுத்துகள் ரத்த அழுத்தத்தை ஞாபகப்படுத்தும். எங்கள் காலத்தில் டெலிஃபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்து, அதன் அருகில் பி.பி. என்று போட்டுவிடுவோம். கூப்பிடுகிறவர் பெயரைச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்து நம்மை அழைப்பார். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் இருக்கும். ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் கர்னலுக்கும் எனக்கும் எம்.டி.க்கும் சொந்த டெலிஃபோன் இருந்தது. ஒருவர் வீட்டு நம்பர் என்றால் அது அவர் வீட்டில்தான் அடிக்கும் என்று அந்த அறையில் நம்பியவர்கள் நாங்கள்தான்.

தனசேகரன் தரையைப் பார்த்தபடி சொன்னார். எஞ்சினியர்கள் எழுதிக் கொடுத்ததில் பி.பி. இருந்தது. எம்.டி.க்குப் போகிற விஷயத்தில் அது கௌரவமாக இருக்காது என்று அந்த இரண்டு எழுத்துகளையும் அவர்தான் எடுத்துவிட்டார்.

"இது இப்படி ஆகும்னு தெரியாதா?" என்றார் கர்னல்.

"தெரியும் சார். முதல் மீட்டிங்லயே தெரியும்." சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். "என் நம்பரும் பி.பி.தான் சார். கார்டுல போடறதில்லை."

அதற்குள் கம்ப்யூட்டர் மறுபடி மாம்பலத்தைக் கூப்பிட ஆரம்பித்தது. திரையில் முரளியின் பெயர் மின்னியது. அந்த லைன் இப்படி அடைபட்டுக் கிடக்கிறவரை கும்பகோணத்திலிருந்து எவரும் உள்ளே வர முடியாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எப்படி நிறுத்துவது என்று எம்.டி. கேட்டார். பதிவான நம்பரை எடுக்க மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும், விதி அப்படி என்று கர்னல் என்னைப் பார்த்தார். விதி நான் எழுதியது. அதில் ஓட்டை கிடையாது. ஏசி ரூமுக்குப் போய் டெலிஃபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். வயரைப் பிடுங்கக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. விதிகளை எழுதியவனுக்கு இருக்கிற ஒரே சலுகை, அவற்றில் என்ன இல்லை என்பது தெரிந்திருப்பது.

திரும்பி வந்தபோது மாமிக்குக் காபி வந்திருந்தது. ஆட்டோ டிரைவருக்கும் எம்.டி.யே ஒரு கோப்பையை நகர்த்தினார். எல்லோரும் மேசை மேல் இருந்த டெலிஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லைன் விட்டதும் கும்பகோணம் மாம்பலத்தைப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எங்கள் டெலிஃபோன் ஆபரேட்டர் ஸ்டெல்லா உள்ளே வந்து, மாமியின் தங்கை பேசியதாகச் சொல்லி, மாமியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மாமி கண்ணை மூடிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் எங்களால் படிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அதே நேரம் ஸ்டெல்லாவின் போர்டில் இன்னொரு மணி அடித்தது. ஓடினார். மேசை மேல் இருந்த ஃபோனின் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. முரளி லைனில் இருக்கிறார், அடையாறு ஆஸ்பத்திரி லேபிலிருந்து பேசுகிறார் என்றார். எம்.டி. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

முரளியின் குரலில் எரிச்சல் இருந்தது. காலையிலிருந்து கூப்பிடுகிறான், நம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு துண்டித்துவிடுகிறது, திருப்பிக் கூப்பிடவே இல்லை. அது கூப்பிட்டதெல்லாம் மாம்பலத்தை என்பது அவனுக்குத் தெரியாது. இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுகிடக்கிறது என்று அந்த எண்ணையும் சொன்னான். உள்ளே அறுவை சிகிச்சைக்குத் தயாராக ஒருவர் படுத்திருக்கிறார், ரத்த ரிப்போர்ட் இல்லாமல் தொட மாட்டார்கள். அவனுக்குப் பின்னால் யாரோ, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பது எங்களுக்கே கேட்டது.

"முரளி சார்," என்றார் ஸ்டெல்லா. "நீங்க கேட்ட பக்கம் இங்க ரெடியா இருக்கு. வீட்லேருந்து ஒரு செய்தியும் இருக்கு. எதை முதல்ல சொல்லட்டும்?"

மாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்தைப் படிச்சிடுங்க மேடம்," என்றான் முரளி. "செய்தி எதுவா இருந்தாலும் கை நடுங்கும். இதை முடிச்சிட்டுக் கேட்டுக்கறேன்."

பக்கம் இருந்தது எங்கள் கம்ப்யூட்டரில். சுவரில் ஓடிய திரையை அதற்கு மாற்றினோம். படிக்க எழுந்தவர் கர்னல். எந்தப் பக்கத்தை வெளியாள் பார்க்கக் கூடாது என்று மூன்று மாதம் பூட்டு செய்தாரோ, அதை ஒரு மாமியின் முன்னிலையில், ஒரு ஆட்டோ டிரைவரின் முன்னிலையில், பூட்டில்லாத சாதாரண டெலிஃபோனில், அணிவகுப்புக்கு ஆணையிடும் குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். முரளி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். நடுவே ஒரு இடத்தில் கர்னல் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். "அதுக்கு மேல ஒண்ணு வுட்டுட்டே சார்" என்று ஆட்டோ டிரைவர் விரலால் காட்டினார். கர்னல் அந்த வரிக்குத் திரும்பினார்.

பிறகு காத்திருந்தோம். இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம் டெலிஃபோனில் வந்தது. பழுது பார்க்கும் கம்பெனியில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அந்தச் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். யாரோ ரத்த மாதிரியைக் கேட்டார்கள். முரளி யாரிடமோ, நீங்க பாருங்க, நான் வந்துடறேன் என்றான்.

"சொல்லுங்க மேடம்."

மாமி எழுந்து டெலிஃபோனுக்கு அருகில் வந்தார். "முரளி, மாமி பேசறேன்டா."

"மாமி? நீங்க எங்க அங்க?"

"அதெல்லாம் அப்பறம். பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நன்னா இருக்கா. குழந்தை நன்னா அழறதாம். கிளம்பு."

ஸ்பீக்கரில் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் கர்னலைப் பார்த்தோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எம்.டி. சோதனை வாரத்தின் லீவு விதி ரத்து என்றார். கையெழுத்துகளைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நம் கம்பெனியின் நடமாடும் இன்ட்ராநெட் என்பது ஸ்டெல்லாதான். அவர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தோம். எஞ்சினியர் எங்கிருந்தாவது கூப்பிடுவார், ஸ்டெல்லா படிப்பார். கர்னலின் பூட்டும் இருந்தது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஸ்டெல்லாவுக்குப் பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை. லேப்டாப்கள் பீரோவில் நிம்மதியாக இருந்தன. கமிட்டியின் இறுதி அறிக்கையை நான்தான் எழுதினேன். சோதனை வெற்றி என்று எழுதினேன். எம்.டி. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் திட்டத்தில் பாஸ்வேர்ட், பாதுகாப்பு எல்லாம் எங்களுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது வேறு. உங்கள் கமிட்டியிலும் ஒருவருக்கு அந்தச் சிக்கல் முதல் மீட்டிங்கிலேயே தெரிந்திருக்கும். அவருடைய கைபேசி பழையதாக இருக்கலாம். வீட்டில் ஒரே கைபேசியைப் பிள்ளைகளோடு பங்குபோட்டுக்கொண்டிருக்கலாம். மாதக் கடைசியில் நெட் தீர்ந்துபோகலாம். நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். அவர் வெட்கப்படாமல் வாய் திறக்க ஒரு வழி செய்துவிட்டு அப்புறம் மோடத்தைச் செருகுங்கள். எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. எங்களுக்காக மாமி ஆட்டோ பிடித்து வர வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் தனசேகரன் புது விசிட்டிங் கார்டு அடித்தார். முதல் கார்டை எம்.டி.யிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். கம்பெனி பெயருக்குக் கீழே அவர் பெயர், அதற்குக் கீழே ஆதம்பாக்கம் நம்பர். நம்பருக்குப் பக்கத்தில், மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே, பி.பி.